ஐம்பத்தொரு வாரம்

மே 20, செவ்வாய்

தன் மூன்று பிள்ளைகளுக்கும் தகப்பன் யார் என்று நீதிபதிகள் கேட்டபோதெல்லாம் ஹன்னா டோய்ன் ஏன் வாய் திறக்கவில்லை? எனக்குத் தெரியாது. அவள் ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பண்ணை வேலைக்காரி. இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று மதியம் வரை அவள் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை.

பக்கத்து வீட்டு கென் டோய்ன் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களோடு வந்தார். எழுபத்தாறு வயது, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பையை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க சரித்திரம் சொல்லிக்குடுக்கிறவங்களாமே. எங்க வம்சத்துல ஒரு முடிச்சு இருக்கு. அவிழுங்க பார்ப்போம்" என்றார்.

முடிச்சு இதுதான். ஹாக்கர்பி என்ற ஊரில் ஹன்னாவுக்கு 1768, 1770, 1772 ஆகிய ஆண்டுகளில் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை. 1774இல் ராபர்ட் லீக் என்ற பண்ணைக் கூலியாளை மணக்கிறாள். கென் அந்த மூத்த பிள்ளையின் வழியில் வந்தவர். அதனால்தான் குடும்பப் பெயர் டோய்ன்.

"யாரோ பெத்த மூணு பிள்ளையோட அவளைக் கட்டிக்கிட்ட ஏமாளின்னுதான் எங்க வீட்ல ராபர்ட்டைச் சொல்லுவாங்க. ஏமாளியா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

சரி என்றேன். தங்கை காந்திமதிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அவள் கணவர் கடலில், எண்ணெய்த் தளத்தில். சமைத்துப் போட இங்கிலாந்துக்கு வந்த எனக்குச் சமையலுக்குப் பிறகு நிறைய நேரம் மிஞ்சுகிறது. கல்லூரியும் ஜூன் 16 வரை எனக்குக் கிடையாது.

மே 21, புதன்

இட்லி மாவு பொங்கவில்லை. இங்கே மே மாதத்திலும் குளிர்கிறது.

மே 23, வெள்ளி

மாவட்ட ஆவணக் காப்பகம். பேருந்தில் நாற்பது நிமிடம். பென்சில் மட்டும்தான் அனுமதி. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஹன்னாவை விசாரித்த தாள் கிடைத்தது. 1768, இரண்டு நீதிபதிகள். தகப்பன் யார் என்று கேட்டதற்கு "சொல்ல மாட்டேன் என்கிறாள்" என்று ஒரே வரி. இரண்டாவது பிள்ளைக்கும் அதே கேள்வி, அதே வரி. அந்த முறை அவளை ஆறு மாதம் திருத்தச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பெண்களுக்குச் சணல் அடிக்கும் வேலை. கைக்குழந்தையும் கூடப் போயிருக்க வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கும் விசாரணை, அதே வரி.

ஆறு மாதச் சிறைக்குப் பிறகும் ஒரு பெண் ஒரு பெயரைச் சொல்லாமலிருந்தால், அது சொல்ல முடியாத பெயராக இருக்கும். அவள் வேலை செய்தது எட்வர்ட் ஸ்டப்ளி என்ற பண்ணைக்காரரிடம். ஊர்ச்சபையில் அவர் பெரிய கை. வேலைக்காரி, எசமான், மௌனம். இந்த வரிசையை எங்கள் ஊர் ஜமீன் கணக்குகளிலும் படித்திருக்கிறேன்.

மே 25, ஞாயிறு

ஜெபராணி அழைத்தாள். எங்கள் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறாள். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அக்கா, ஸ்டெல்லா மேடமும் கையெழுத்துப் போட்டுட்டாவ. இப்ப நாம ரெண்டு பேருதான்."

"நீ என்ன செய்யப் போற?"

"நீங்க சொல்லுததுதான்."

"நான் சொல்லுதத வச்சு நீ முடிவு பண்ணக் கூடாது."

"பதினேழு வருஷமா அத வச்சுத்தான பண்ணிட்டிருக்கேன். இன்னைக்கு என்ன புதுசா?"

கையெழுத்து கேட்பது நிர்வாகம். ஒவ்வோராண்டும் ஜூன் 16 அன்று எங்களை வேலைக்கு எடுப்பார்கள், மே 5 அன்று விடுவிப்பார்கள். பதினேழு முறை. தொடர்ந்து வேலை செய்தவர்கள் என்று நாங்கள் உரிமை கோர முடியாதபடிக்கு இந்த நாற்பது நாள் இடைவெளி. நிரந்தரமாக்கச் சொல்லி ஆறு பேர் வழக்குப் போட்டோம். "என் பணி ஒவ்வோராண்டும் புதிதாகத் தொடங்கியதே, தொடர்ச்சி கோர மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் புது ஒப்பந்தம் உண்டு. ஜூன் 13 மாலை ஐந்து மணி கடைசி. போடாவிட்டால் வேலை இல்லை. நான்கு பேர் போட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வக்கீல் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த நாற்பது நாளிலும் வேலை செய்ததற்குச் சான்று. செய்திருக்கிறோம். விடைத்தாள் திருத்துவது, மாணவர் சேர்க்கை எல்லாம் மே மாதத்தில்தான். ஆனால் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்காது. சான்று இல்லை என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு நாற்பத்தெட்டு முடியப்போகிறது. வேறு கல்லூரி எடுக்காது.

மே 27, செவ்வாய்

என் முடிவைக் கென்னிடம் சொன்னேன். தகப்பன் பெரும்பாலும் ஸ்டப்ளியாக இருக்கலாம் என்றேன். "பெரும்பாலும்" என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னேன்.

அவர் ருபார்ப் கீரைத்தண்டு கொண்டுவந்திருந்தார். அதைக் காந்திமதியிடம் நீட்டியபடியே நின்றார்.

"அப்போ நான் அந்த எசமான் வம்சமா?"

"இருக்கலாம்."

"எங்கப்பாவும் தாத்தாவும் அந்தப் பண்ணையிலதான் கூலி வேலை பார்த்தாங்க. எசமானைக் கண்டா தொப்பியைக் கழட்டணும்." தண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏமாளியே தேவலாம்" என்றார்.

அவர் போனபின் காந்திமதி கேட்டாள்: "ஏன்க்கா, உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. தெரியாததை ஏன் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 29, வியாழன்

ஸ்டப்ளியின் பண்ணை நாட்குறிப்பு காப்பகத்தில் இருக்கிறது. மழை, கன்று ஈன்றது, வேலி, யார் வந்தார் யார் போனார். ராபர்ட் லீக்கும் அதே பண்ணையில்தான் வேலை செய்திருக்கிறான்; 1766இல் சேர்ந்திருக்கிறான்.

ஆனால் நிலையாக இருந்தவன் இல்லை. ஒவ்வோர் அக்டோபர் 3ஆம் தேதியும் "லீக் போய்விட்டான்" என்று இருக்கிறது. ஒரு வாரம் கழித்து 10ஆம் தேதி "லீக் மறுபடி வந்தான்". ஏழு ஆண்டும் இப்படியே. அந்த வாரம் எங்கே போனானோ. ஊர்சுற்றி என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

காந்திமதி ஊன்றுகோலோடு சமையலறை வரை நடந்தாள். நடந்த தெம்பில் பேச்சும் வந்தது.

"உங்க காலேஜ் சிவசங்கரன் சார் விருப்ப ஓய்வு வாங்கிட்டாராம். ஜெபராணி சொன்னா."

"அப்படியா."

"கட்டிக்கிடலாமான்னு எத்தனை வருஷம் உன்கிட்டக் கேட்டாரு. நிரந்தரமாகட்டும், நிரந்தரமாகட்டும்னே சொல்லிட்டிருந்த. கடைசில அவரு கல்யாணத்துக்குக்கூட நீ போகல."

"அட்மிஷன் நேரம். வேலை இருந்தது."

"மே மாசம் உனக்கு ஏது வேலை? அதான் கழட்டி விட்டிருவாவள்லா."

சாம்பாரில் உப்பு குறைவு. போட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

நான் சொன்னது தவறு.

இன்று ஊர்ச்சபைக் கூட்டக் குறிப்பைப் படித்தேன். 1765இல் ஒரு தீர்மானம்: இந்த ஊரார் யாரும் வெளியூர் வேலையாளை ஐம்பத்தொரு வாரத்துக்கு மேல் ஒப்பந்தம் செய்யக் கூடாது, மீறினால் அபராதம். கீழே முதல் கையெழுத்து எட்வர்ட் ஸ்டப்ளியுடையது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒவ்வோர் ஏழைக்கும் ஓர் ஊர் உண்டு. நோய், பஞ்சம் என்று கை நீட்டினால் அந்த ஊர்தான் சோறு போட வேண்டும். வேறு ஊரில் இருந்தால் வண்டியில் ஏற்றிச் சொந்த ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மணமாகாத ஒருவன் முழு ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்து முடித்தால், வேலை செய்த ஊரே அவன் ஊர். மனைவிக்குக் கணவனின் ஊர். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைக்குப் பிறந்த ஊர். இதெல்லாம் நான் பாடம் நடத்தும் சட்டம்.

ராபர்ட்டின் ஊர் சால்ட்ஃபென் என்று குறிப்பில் இருக்கிறது. நாற்பது மைல் தள்ளி ஒரு சதுப்பு நிலம். ஹன்னா அவனை மணந்தால் அவளும் அந்தச் சதுப்பைச் சேர்ந்தவள். அதைவிட மோசம், மணமானவன் முழு ஆண்டு உழைத்தாலும் புது ஊர் கிடைக்காது. முதலில் ஊர், பிறகு கல்யாணம். வரிசை மாறினால் ஊர் கைவிட்டுப் போகும். அவன் பெயரை அவள் சொல்லியிருந்தால் ஊர் அதிகாரிகள் அவனைப் பிடித்துச் சிறையா கல்யாணமா என்று கேட்டிருப்பார்கள். கல்யாணம் என்றால் மறுவாரமே வண்டி வந்திருக்கும்.

ஆக, அந்த ஏழு அக்டோபரும் அவன் ஊர்சுற்றப் போகவில்லை. அவனைப் போகச் சொன்னார்கள்.

மூன்றாவது பிள்ளையின் பெயர் ராபர்ட். அதுவும் முதல் நாளிலிருந்தே என் கண் முன்னால்தான் இருந்தது.

அவன்தான் தகப்பன் என்பது இன்னும் ஊகம்தான். ஆனால் ஒப்பந்தம் ஏன் ஒரு வாரம் முன்னால் முடிகிறது என்று புரிந்துகொள்ள எனக்கு ஐந்து நாள் ஆனது. வேறு யாருக்கு ஆனாலும் பரவாயில்லை.

ஜூன் 4, புதன்

கென் வீட்டுக்குப் போய், அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். சட்டத்தை இரண்டு முறை விளக்கினேன். அவர் தேநீரை ஆறவிட்டார்.

"அப்போ அவ ஜெயிலுக்குப் போனது..."

"சொந்த ஊரில் இருப்பதற்கு. நான் நினைப்பது சரியாக இருந்தால்."

"இந்தத் தடவை 'பெரும்பாலும்' எவ்வளவு பெரும்பாலும்?"

இன்னும் தாள் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார். இந்தத் தடவை சிரித்ததே போதும்.

ஜூன் 6, வெள்ளி

1773 வசந்தத்தில் ஸ்டப்ளி இறந்துபோகிறார். பண்ணை நாட்குறிப்பில் கையெழுத்து மாறுகிறது. இனி எழுதுவது அவர் மனைவி சூசன். அந்த அக்டோபர் 10இல்: "லீக்கை ஓராண்டுக்கு எடுத்தேன்." ஓராண்டுக்கு. அடுத்த அக்டோபர் 3ஆம் தேதிப் பக்கத்தில் மழை பெய்தது என்று மட்டும் இருக்கிறது. யாரும் போகவில்லை.

ஆண்டு நிறைந்தது 1774 அக்டோபர் 10, திங்கள். தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு வாசித்த பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். முதல் வாசிப்பு அடுத்த ஞாயிறு, 16ஆம் தேதி. பிறகு 23, 30. 31 திங்கள் அன்று கல்யாணம். ஒரு நாளும் வீணாக்கவில்லை. இருவரும் பெயருக்குப் பதில் சிலுவைக் குறி இட்டிருக்கிறார்கள். சாட்சி, சூசன் ஸ்டப்ளி.

நவம்பர் ஊர்ச்சபைக் குறிப்பு: தீர்மானத்தை மீறியதற்காக விதவை ஸ்டப்ளி அபராதம் கட்டினாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஜெபராணியிடம் கையெழுத்து விஷயம் பேச ஆரம்பித்தேன். அவள் ஹன்னா கதை கேட்டாள். சொன்னேன்.

"எங்க சபையிலயும் மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பாவ. ஆனா மறுநாளே யாரும் கட்ட மாட்டாவக்கா. பிரியாணிக்கே நாலு நாள் வேணும்லா."

"அவங்களுக்குப் பிரியாணி கெடயாது."

"அபராதம் கட்டுன அந்த அம்மா ரொம்ப நல்லவங்களா இருக்கும்."

"ஏன் செஞ்சாங்கன்னு எந்தத் தாளிலயும் இல்ல."

"எல்லாமே தாள்ல இருக்குமாக்கா?" என்றாள். பிறகு, "இது நம்ம கதை மாதிரில்லா இருக்கு" என்றாள்.

ஒப்பிடுவது எளிது, அதனால்தான் செய்யக் கூடாது என்றேன். வகுப்பில் சொல்வதுபோலவே சொல்லிவிட்டேன்.

"சரிங்க மேடம்" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

நிர்வாகத்திடமிருந்து நினைவூட்டல் கடிதம். காந்திமதிக்குத் தையல் பிரித்த இடம் நன்றாக ஆறியிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

கடைசிப் பெட்டி. 1791இல் ராபர்ட் லீக் நோயில் விழுந்து ஊரிடம் உதவி கேட்டிருக்கிறான். உன் ஊர் சால்ட்ஃபென்தானே என்று விசாரித்திருக்கிறார்கள். அவன் சொன்னதை எழுத்தர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டுக் காகிதத்தில் ஒரு கூலியாள் நின்று பேசுவதை இவ்வளவு நேரம் நான் கேட்டதில்லை.

ஹன்னாவுக்குத் தன் மூலம் மணத்துக்கு முன்பு மூன்று பிள்ளைகள், அவர்கள் டோய்ன் என்ற பெயரில் வழங்குகிறார்கள், பின்பு நால்வர். ஊகம் இனி ஊகமில்லை.

பிறகு அந்த ஏழு அக்டோபர் வாரங்கள். எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்கள். எசமானின் களஞ்சியத்திலேயே படுத்திருந்தேன், மற்ற வாரங்களைப் போலவே அவர் மாடுகளுக்குத் தீனி போட்டேன் என்கிறான். எந்த ஆண்டு எந்த மாடு கன்று ஈன்றது என்றும் சொல்லியிருக்கிறான். எழுதத் தெரியாதவன், ஏழு ஆண்டுக் கன்றுகளை நினைவில் வைத்திருக்கிறான். ஓரத்தில் வேறு மையில், "பண்ணைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தது. சரி."

அவனை எங்கும் அனுப்பவில்லை. 1803இல் ஹாக்கர்பியிலேயே அடக்கம். ஹன்னா 1811.

பேருந்தில் வரும்போது, சான்று இல்லை என்று மார்ச்சில் வக்கீலிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. சான்று இருக்கிறது. பாளையங்கோட்டை வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில், கறுப்பு அட்டை போட்ட பதினாறு டைரிகள். ஒவ்வொரு மே மாதமும் எந்த நாள் கல்லூரிக்குப் போனேன், எத்தனை விடைத்தாள் திருத்தினேன், யார் அட்மிஷனுக்கு வந்தார்கள் என்று அன்றன்றே எழுதியிருக்கிறேன். தேர்வுத் துறைக் கட்டுகளில் தேதி இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அவற்றில் இருப்பது அது மட்டுமல்ல.

யாரும் படிக்கக் கூடாது என்று எழுதியவை. காந்திமதிக்குக்கூட அவை இருப்பது தெரியாது. கோர்ட்டில் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் படிப்பார், நிர்வாகம் படிக்கும், எங்கள் அலுவலகத்துக்கு இரண்டே நாளில் எல்லாம் தெரிந்துவிடும்.

ஹன்னா வாயை மூடித் தன் ஊரைக் காப்பாற்றிக்கொண்டாள். எனக்கு அது உதவாது.

ஜூன் 13, வெள்ளி

காலையில் ஜெபராணியை அழைத்தேன். "நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. நீ உன் இஷ்டப்படி செய்" என்றேன்.

"நான் ஞாயித்துக்கிழமையே போடலன்னு எழுதி அனுப்பிட்டேன்க்கா."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நான் சொல்லுதத வச்சு நீங்க முடிவு பண்ணக் கூடாதுல்லா."

அவளுடைய பதில் எனக்கே பாடம் எடுப்பதுபோல இருந்தது. சாவி கீழ்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது, பீரோவின் கீழ்த்தட்டு, மே மாதப் பக்கங்களை மட்டும் நகலெடுத்து வக்கீலிடம் கொடு என்றேன். என்ன அது என்று கேட்டாள். டைரி என்றேன்.

"வேற யாரையாவது அனுப்பட்டுமாக்கா?"

"வேண்டாம். நீயே போ."

நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதினேன்: "உறுதிமொழியில் கையெழுத்திட எனக்கு விருப்பமில்லை." அனுப்பியபோது அங்கே மணி நான்கு பத்து.

மாலை கென்னிடம் ராபர்ட் பேசிய இரண்டு பக்கங்களின் நகலைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, முழுவதையும் வாசித்தார். முடித்துவிட்டு, "ஏமாளி இல்ல" என்றார்.

ஜூன் 14, சனி

பதினொரு மணிக்குக் கல்லூரி அறிவிப்புப் பலகையின் படம் வந்தது. திங்கள் முதல் பணியாற்றுவோர் பட்டியல். எங்கள் இருவர் பெயரும் இல்லை. வரலாற்றுத் துறையில் என் இடத்தில் புதிதாக ஒரு பெண்ணின் பெயர்.

மதியம் ஜெபராணி அழைத்தாள். நகலகத்திலிருந்து பேசினாள், பின்னால் இயந்திரச் சத்தம்.

"முடிஞ்சதுக்கா. பதினாறு மே. காலேஜுக்குப் போனதா எழுதியிருக்கது மட்டும் முந்நூத்தி நாலு நாள். வக்கீல் ஆபீஸ்ல கேட்டேன். செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு இதையும் சேத்துத் தாக்கல் பண்ணுதாங்களாம்."

"எல்லாத்தையும் அப்படியே எடுத்தியா?"

"அங்கங்க சில வரி மேல வெள்ளைத் தாள ஒட்டி மறச்சுத்தான் எடுத்தேன். அசல் பாக்கணும்னு ஜட்ஜ் கேட்டா அப்பப் பாத்துக்கலாம்னாரு வக்கீல். நான் ஒரு வரி படிக்கல."

"படிக்காம எந்த வரிய மறைக்கணும்னு எப்படித் தெரிஞ்சது?"

இயந்திரம் இரண்டு தாளைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்:

"எட்டாவது டைரியில, சிவசங்கரன் சார் கல்யாணத்தன்னைக்குப் பக்கம் முழுசா மறச்சிருக்கேன். முதல் வரிய மட்டும் விட்டிருக்கேன். 'இன்று கல்லூரிக்குப் போனேன், நாற்பது விடைத்தாள்'னு இருக்கு."

அது போதும் என்றேன்.